வேலியோரத்து யாரோ

என் வாழ்நாளில் நான் திட்டியே வளர்த்தது ஒரே ஒரு செடிதான். மற்றதையெல்லாம் கொஞ்சி வளர்த்தேன். அவை செத்துப்போயின.

இதைச் சொல்வதற்கு முன் என் வேலையைச் சொல்லிவிட வேண்டும். திண்டுக்கல் டவுனில் தெருத் தெருவாகக் குடிதண்ணீர் திறந்துவிடுவது என் வேலையாக இருந்தது. ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புச் சாவி. அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு சைக்கிளில் போவேன். தெருமுனையில் குழியின் மூடியைத் தூக்கி, சாவியை உள்ளே விட்டு நாலு சுற்றுச் சுற்றினால் அந்தத் தெரு முழுக்கக் குடங்கள் வெளியே வந்துவிடும். பெயர் சொல்லி யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை, 'தண்ணிக்காரர்' என்பார்கள். தண்ணீர் வந்து பத்து நாள் ஆன தெருவில் நுழைந்தால் 'சாப்டீங்களா' என்று கேட்பார்கள். இல்லை என்றால் இட்லி வரும். எந்தத் தெருவிலாவது மூடுவதற்குச் சற்று மறந்துபோனால் மறுநாள் அதே தெருவில் மீன் குழம்பு வரும். நான் லஞ்சம் வாங்கியதே கிடையாது. மீன் குழம்பு லஞ்சத்தில் சேராது என்பது என் கட்சி.

ஓய்வு பெற்ற பிறகு வேடசந்தூர் ரோட்டில், டவுனைத் தாண்டி, ஒரு மனை வாங்கி வீடு கட்டினோம். மனை விற்றவர் கொடுத்த நோட்டீசில் அந்த இடத்தின் பெயரில் ஒரு பசுமையும் ஒரு சோலையும் இருந்தன. நேரில் போய்ப் பார்த்தபோது ஒரு சீமைக்கருவேல மரம் இருந்தது. போர் போட்டோம். ஆறு மாதம் தண்ணீர் வந்தது. ஏழாவது மாதம் குழாயைத் திறந்தால் ஒரு பெருமூச்சு வந்தது. எட்டாவது மாதம் அதுவும் வரவில்லை. ஊருக்கே தண்ணீர் திறந்துவிட்டவன் வீட்டுக்கு லாரியில் தண்ணீர் இறங்கியதைத் தெருவே நின்று பார்த்தது.

அப்படியும் நான் தோட்டம் போட்டேன். நிலக்கோட்டையிலிருந்து ரோஜாப் பதியன் வாங்கி வந்தேன். மல்லி, செம்பருத்தி, ஒரு கறிவேப்பிலை. லாரித் தண்ணீரில் என் குளியலைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு அவற்றுக்கு ஊற்றினேன். காலையில் இரண்டு வாளி, மாலையில் இரண்டு வாளி, நடுவில் முகம் வாடியிருக்கிறதோ என்று சந்தேகம் வந்தால் ஒரு சொம்பு. அடியில் பாறை. ஊற்றிய தண்ணீர் இறங்காமல் அங்கேயே நின்றது. செடிகள் வேர் அழுகிச் செத்தன. காய்ந்துதான் சாகின்றன என்று நினைத்து அடுத்த செடிக்கு மூன்று வாளியாக ஏற்றினேன்.

"செடிக்குத் தண்ணி ஊத்துறீங்களா, ஞானஸ்நானம் குடுக்குறீங்களா?" என்று என் மனைவி கேட்டாள்.

எனக்குத் தெரிந்த பாசம் தண்ணீர்தான். என் மகள் படித்த பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்கு இரண்டு தண்ணீர் பாட்டில் கொடுத்து அனுப்பிய ஒரே அப்பன் நான். ஒரே பிள்ளை. பிறந்ததிலிருந்து பாப்பா, நர்ஸ் வேலைக்குப் பெங்களூர் போன பிறகும் பாப்பா. அங்கே போனதும் ஒரு நாளைக்கு மூன்று தடவை போன் பண்ணுவேன். சாப்டியா, குடை எடுத்தியா, யார்கூட ரூம்ல இருக்க, அவ எந்த ஊரு, அவ அப்பா என்ன வேலை. பாப்பா முதலில் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். பிறகு பாதிக்குச் சொன்னாள். பிறகு ஒருநாள், கூட வேலை பார்க்கும் ஒருவரைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னாள்.

பையனுக்கு இமயமலைப் பக்கம் ஏதோ ஒரு கிராமம். நம் சாதி இல்லை, நம் கோயில் இல்லை, நம் மொழி இல்லை. அவர்கள் ஊரில் ஆப்பிள் காய்க்குமாம். காய்க்கட்டுமே, எனக்கென்ன?

"அவன் யாரோ, எவனோ. அவனைக் கட்டிக்கிட்டா இனிமே நீயும் எனக்கு யாரோதான்" என்று சொல்லிப் போனை வைத்தேன். வைத்த போனையே ராத்திரி வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அதைக் கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

பதிவுத் திருமணம் நடந்தது. நான் போகவில்லை. மனைவி மட்டும் பஸ் ஏறிப் போய்விட்டு வந்தாள். அதற்குப் பிறகு நான் பாப்பாவோடு பேசவில்லை. கிறிஸ்துமஸ் வந்தது, குடில் கட்டினோம், நட்சத்திரம் கட்டினோம், பூசைக்கு இரண்டு பேராகப் போய் இரண்டு பேராகத் திரும்பி வந்தோம்.

"பாப்பா அதுவா வராது. நீங்களா கூப்பிட்டாத்தேன் வரும். ஒரு வார்த்தை போதும்" என்றாள் மனைவி.

அந்த ஒரு வார்த்தை என்னிடம் இல்லை. எத்தனையோ தடவை போனை எடுத்துப் பார்த்துவிட்டு, டார்ச்சை மட்டும் போட்டு அணைத்துவிட்டு வைத்திருக்கிறேன்.

அடுத்த கார்த்திகையில் கூரியரில் ஒரு பார்சல் வந்தது. உள்ளே மனைவிக்கு ஒரு சேலை. சேலை மடிப்புக்குள் சின்னதாக ஒரு காகிதப் பொட்டலம். பொட்டலத்துக்குள் மணலைவிடப் பொடியான விதை. மேலே பாப்பாவின் கையெழுத்தில் இப்படி எழுதியிருந்தது:

'யாரோ.
நல்ல வெயிலில் விடவும். மண் மோசமாக இருந்தாலும் பரவாயில்லை.
மேலே மண்ணைப் போட்டு மூட வேண்டாம்.
தண்ணீர் அதிகம் காட்டக் கூடாது. செல்லம் கொடுத்தால் சாய்ந்துவிடும்.
ஒருமுறை வேர் பிடித்துவிட்டால் பிறகு போகாது.'

படித்ததும் எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. நான் அவனை யாரோ என்று சொன்னேன் அல்லவா? அதையே எடுத்து முதல் வரியில் தன் பெயராகப் போட்டு எனக்குப் பதில் எழுதச் சொல்லியிருக்கிறான், அதையும் என் மகள் கையாலேயே. என்னை வெயிலில் நிறுத்தினாலும் கவலையில்லை என்கிறான். நான் அவனை மண்ணைப் போட்டு மூடப் பார்க்கிறேன் என்கிறான். உன் தண்ணீர் எனக்கு வேண்டாம் என்கிறான். தண்ணிக்காரனிடம்! கடைசி வரியைப் பாருங்கள், வேர் பிடித்துவிட்டானாம், இனிமேல் போக மாட்டானாம்.

"பாத்தியா அவன் திமிர?" என்று காகிதத்தை மனைவியிடம் நீட்டினேன்.

அவள் ஒரு தடவை படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் பாவம் என்று எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது.

விதையைக் குப்பையில் போட எனக்குக் கை வராது. அதனால் என் மனையிலேயே எந்த இடம் ரொம்ப மோசம் என்று தேடினேன். அதிகம் தேட வேண்டியிருக்கவில்லை. மேற்கு வேலியோரம் வீடு கட்டியபோது மிஞ்சிய சரளை, ஓட்டுத் துண்டு, காரை எல்லாம் கொட்டிக் கிடந்தது. காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரு பொட்டு நிழல் விழாது. அங்கே போய் நின்று, பொட்டலத்தைப் பிரித்து, "கெட" என்று வீசினேன். காலால் இரண்டு மிதி மிதித்தேன். ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை. பக்கத்தில் ரோஜாவுக்கு வழக்கம்போல இரண்டு வாளி ஊற்றினேன்.

மூன்று வாரம் போயிருக்கும். மழைத் தூறல் நாலைந்து நாள் விழுந்திருந்தது. நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். மனைவி பின்பக்கமிருந்து குரல் கொடுத்தாள்.

"என்னங்க, யாரோ வந்திருக்கு."

சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனேன். கேட்டில் ஆள் இல்லை. ரோட்டில் எட்டிப் பார்த்தேன். மில் பஸ் ஒன்று போய்க்கொண்டிருந்தது.

"யாரையும் காணோமே?"

"அங்கிட்டு இல்லங்க. வேலியோரமா."

வேலியோரம் போனால், சரளைக்கு நடுவில் பச்சையாக முளைத்திருந்தது. கொத்தமல்லித் தழையை எடுத்துப் பொறுமைசாலி ஒருத்தர் இன்னும் நூறு துண்டாக நறுக்கியதுபோல் இலை. கிள்ளி முகர்ந்தேன். கற்பூரமும் மரிக்கொழுந்தும் கலந்த ஒரு காரமான வாசம். எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்ல முடியாது. ரோஜா அன்றைக்குக் காலையில்தான் செத்திருந்தது.

அன்றிலிருந்து அது என் மாப்பிள்ளை. காலையில் மற்ற செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றப் போகும்போது வேலியோரம் நின்று அவனிடம் நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் வருவேன். பேசுவது என்றால் திட்டுவதுதான். "எவன்டா நீ? எங்கிட்டிருந்துடா வந்த? உனக்கு வேற எடம் கிடைக்கலையா?" முதல் இரண்டு நாள் கூச்சமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது, பல் விளக்குவதுபோல. திட்டாத அன்றைக்குக் காப்பி ருசிக்காது. மனைவியும் தன் பங்குக்குத் தினமும் செய்தி சொல்வாள். யாரோவுக்கு இன்னொரு கொத்து வந்திருக்கு, யாரோ இந்தப் பக்கமா படருது, யாரோ நம்ம வீட்டு மண்ணுக்குப் பழகிருச்சு. என்னைக் குத்திக் காட்டுகிறாள் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒருநாள் கேட்டைத் திறந்து போட்டிருந்த நேரத்தில் ஆடு புகுந்துவிட்டது. புது ரோஜாவை, செம்பருத்தியை, கறிவேப்பிலையை மொட்டையடித்தது. காயப்போட்டிருந்த என் பனியனில் பாதியையும் தின்றது. வேலியோரம் போய் முகர்ந்து பார்த்து, தும்மி, திரும்பி வந்துவிட்டது.

"ஆடுகூட உன்னைச் சீண்டல பாத்தியாடா" என்று அவனிடம் சொன்னேன்.

சித்திரையில் மேற்கு வேலிக்கு அந்தப் பக்கத்து மனையில் பாய் வீடு கட்டிக் குடிவந்தார். டவுனில் பிரியாணிக் கடை வைத்திருப்பவர். நல்ல மனிதர். வந்த முதல் வெள்ளிக்கிழமையே ஒரு சட்டி பிரியாணி வேலிக்கு மேலாக வந்தது. அதன் பிறகு வெள்ளிதோறும் வந்தது. நாங்கள் கேக்கும் அதிரசமும் போட்டுச் சட்டியைத் திருப்பிக் கொடுப்போம். அக்கம்பக்கம் என்றால் இப்படி அமைய வேண்டும் என்று கோயிலில் நன்றி சொன்னேன்.

அக்கினி நட்சத்திரத்தில் அவன் காய்ந்தான். இலையெல்லாம் பழுப்பாகி, தொட்டால் நொறுங்கியது. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். முதல் நாள் பட்டேன். இரண்டாம் நாள் காலையில் அவன் முன்னால் போய் நின்றால் திட்ட ஒன்றும் தோன்றவில்லை. செத்தவனை என்னவென்று திட்டுவது? மூன்றாம் நாள் ஒரு சொம்புத் தண்ணீரோடு நின்றேன். ஊற்றப் போனேன். 'தண்ணீர் அதிகம் காட்டக் கூடாது' என்ற வரி ஞாபகம் வந்தது. ஊற்றினால் அவன் அன்றைக்கே சொன்னது சரி என்று ஆகிவிடும், ஊற்றாவிட்டாலும் அவன் சொன்னபடி நடந்ததாகிவிடும். அரை மணி நேரம் வெயிலில் நின்று யோசித்துவிட்டுத் தண்ணீரை நானே குடித்தேன். அந்தக் கோடை முழுக்க எனக்குக் காப்பி ருசிக்கவில்லை.

ஐப்பசி மழை பிடித்ததும் அவன் அடியிலிருந்து திரும்பி வந்தான். தனியாக வரவில்லை, இரண்டு பங்காக வந்தான். வேர் உள்ளுக்குள்ளேயே நடந்து ஓட்டுத் துண்டுக்கு அந்தப் பக்கமும் தலை காட்டினான். எனக்கும் குரல் திரும்பி வந்தது. ஒரு கோடை முழுக்கச் சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் சேர்த்துத் திட்டினேன். "போய்த் தொலைஞ்சிட்டன்னு பாத்தா மறுபடியும் வந்துட்டியாடா. யாரோ ஒருத்தன், எங்கிட்டோ கெடந்தவன், வேலியோரமா வந்து உக்காந்துக்கிட்டு வேர் விடுறானாம் வேர்!"

அந்த மாதத்தில்தான் பிரியாணி நின்றது.

முதல் வெள்ளி வராதபோது கடையில் கூட்டமாக இருக்கும் என்று நினைத்தேன். இரண்டாவது வெள்ளி வேலியோரம் நின்று இருமிப் பார்த்தேன். மூன்றாவது வெள்ளி ரோட்டில் பாயைப் பார்த்துச் சிரித்தேன். அவர் ஸ்கூட்டரில் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டே போய்விட்டார். கிறிஸ்துமஸ் கேக் கொடுத்தனுப்பினோம், வாங்கிக்கொண்டார்கள். சட்டி திரும்பி வரவில்லை. எனக்குக் காரணம் விளங்கவே இல்லை. பிரியாணி வராத வருத்தத்தையும் அவன் மேலேயே போட்டுத் திட்டினேன்.

மாசி மாதம் அவன் பூத்தான். முழங்கால் உயரத்துக்குத் தண்டு எழும்பி, உச்சியில் அரிசி அளவு வெள்ளைப் பூக்கள் நெருக்கமாகச் சேர்ந்து, மேலே தட்டையாகப் பரப்பி வைத்ததுபோல இருந்தன. ஒரு தண்டில்லை, இருபது முப்பது இருக்கும். காலை வெயிலில் அந்த மூலையே வெளுத்துக் கிடந்தது. நான் சொம்பும் கையுமாக நின்று, "பூ வேறயாடா உனக்கு" என்று ஆரம்பித்தேன். சாய்ந்திருந்த ஒரு தண்டைக் கை தானாக நிமிர்த்திவிட்டது.

அப்போது பாய் வேலியைச் சுற்றிக்கொண்டு வந்தார். முகத்தில் மாஸ்க். கையில் மண்வெட்டி. கையுறை போட்டிருந்தார், கடையில் பார்சல் கட்டும்போது போடும் பிளாஸ்டிக் கையுறை.

"நகருங்கண்ணே. இத வெட்டணும்."

"எத?"

"இந்த வெசச்செடியத்தேன். பார்த்தீனியம். எங்க வீட்ல வீசிங் வந்து மூணு நாளா படுத்து எந்திரிக்க முடியல. டாக்டரு இந்தச் செடி பக்கத்துல எங்கயாச்சும் இருக்கான்னு கேக்குறாரு. நான் தெனம் வேலிக்கு மேல பாத்துக்கிட்டுத்தேன் இருக்கேன்."

பதினைந்து மாதமாக அது சாக வேண்டும் என்று கேட்டவன் நான். வெட்ட ஆள் தானாக வந்து நிற்கிறது. நான் என்ன செய்திருக்க வேண்டும்? நகர்ந்திருக்க வேண்டும். பார்த்தால் நான் செடிக்கும் மண்வெட்டிக்கும் நடுவில் நிற்கிறேன், சொம்பை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு.

"இது பார்த்தீனியம் இல்ல பாய்."

"அப்ப என்னா செடி?"

எனக்குத் தெரியவில்லை. பதினைந்து மாதம் தினமும் பேசியிருக்கிறேன், பெயர் கேட்கத் தோன்றியதில்லை.

"அது... யாரோ..." என்று இழுத்தேன்.

பாய் மண்வெட்டியைக் கீழே வைத்தார். மாஸ்கைக் கழற்றினார். கண் கலங்கியிருந்தது.

"பாத்தீங்களா, மறுபடியும். அம்புட்டு நாளும் மறைவா சொன்னீங்க, இன்னைக்கு மொகத்துக்கு நேராவே சொல்றீங்க."

"என்ன பாய் சொன்னேன்?"

"யாரோ. யாரோ ஒருத்தன், எங்கிட்டோ கெடந்தவன், வேலியோரமா வந்து உக்காந்துக்கிட்டான், போக மாட்டேங்கிறான். தெனம் காலையில இந்த எடத்துல நின்னு சொல்றீங்களா இல்லையா? மொதல்ல எங்க வீட்ல வந்து சொன்னப்ப நான் நம்பல. அப்பறம் நானே நின்னு கேட்டேன். எங்கிட்டோ கெடந்தவனாண்ணே நான்? எங்க பாட்டன் முப்பாட்டன் பொறந்ததே இந்த ஊருலதேன். பேகம்பூர்ல எங்க தெருவுக்கு நீங்கதேன் தண்ணி தொறந்து விட்டீங்க. எங்க அம்மா கையால எத்தன தடவ இட்லி சாப்புட்டிருக்கீங்க. உங்களுக்கு நாங்க யாரோவா?"

அந்தச் சொல்லை நான் சொன்னபோது அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஒரு மனிதர் என் முன்னால் நின்று அதைத் திருப்பிச் சொன்னபோதுதான் அதன் எடை தெரிந்தது. அதே சொல்லைத்தான் நான் பாப்பாவிடம் சொல்லிப் போனை வைத்திருந்தேன்.

"உங்கள இல்ல பாய். ஆண்டவர் மேல ஆணையா உங்கள இல்ல."

"பின்ன யார?"

வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"என் மாப்பிள்ளைய."

அந்த உறவுச் சொல்லை அவனைப் பற்றி நான் வாய் திறந்து சொன்னது அதுதான் முதல் தடவை. பாய் என் வீட்டைப் பார்த்தார். பிறகு சுற்றிலும் பார்த்தார்.

"மாப்பிள்ள எங்கண்ணே இருக்காரு?"

"பெங்களூர்ல."

"அதுக்கு எதுக்கு இங்க வந்து திட்டுறீங்க?"

நான் செடியைக் காட்டினேன். பாய் ஓர் அடி பின்னால் போனார். எல்லாவற்றையும் சொன்னேன். சட்டைப்பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்துக் கொடுத்தேன். அதைக் கிழித்துப் போட்டுவிட்டதாக மனைவியிடம் சொல்லியிருந்தேன். மடித்து மடித்து நாலாகக் கிழிகிற பதத்தில் இருந்தது.

பாய் நிதானமாகப் படித்தார். "அண்ணே, இது செடி வெக்கிற முறை. இதுல திமிரு எங்க இருக்கு?"

"மொத வார்த்தைய பாருங்க."

"யாரோ" என்று படித்தார். அவருக்கும் அது மட்டும் விளங்கவில்லை. என்ன இருந்தாலும் இது பார்த்தீனியமா இல்லையா என்று பார்த்துவிட வேண்டும் என்று சொல்லித் தன் போனை எடுத்தார். படம் எடுத்தால் செடியின் பெயர் சொல்லுமாம். கையுறையைக் கழற்றிவிட்டு, பூவுக்குக் கிட்டத்தில் குனிந்து ஒரு படம் எடுத்தார். போன் கொஞ்ச நேரம் யோசித்தது.

"பார்த்தீனியம் இல்லண்ணே. ஆனா அதுக்குச் சொந்தந்தேன், அதான் பாக்க அப்பிடியே இருக்கு. பேரு இங்கிலீஷ்ல போட்டிருக்கு. ஒய், ஏ, ஆர், இன்னொரு ஆர், ஓ, டபிள்யூ." உதட்டை அசைத்துக் கூட்டிப் படித்தார். "யார்... ரோ. யார்ரோ. யாரோ."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"அண்ணே, செடிக்குப் பேரே யாரோதாண்ணே."

போனில் இருந்ததை மேலே படித்தார். நல்ல வெயில் வேணுமாம். சத்தில்லாத மண்ணு போதுமாம். விதையை மூடக் கூடாதாம், வெளிச்சம் பட்டாத்தேன் முளைக்குமாம். மிதிச்சாலும் சாகாதாம். தண்ணி ஊத்துனா கெட்டுப்போகுமாம். இமயமலைப் பக்கம் வயல் ஓரத்துல தானா கெடக்குமாம். ஒவ்வொன்றாகப் படிக்கப் படிக்க, நான் கோபத்தில் செய்த ஒவ்வொன்றும் வரிசையாக வந்தது. அந்தச் செடியை இதைவிடப் பொருத்தமாக யாராலும் வளர்த்திருக்க முடியாது. பாய் மண்வெட்டிப் பிடியில் சாய்ந்துகொண்டு சிரித்த சிரிப்பில் அவருக்கே வீசிங் வந்துவிடும் போலிருந்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதலில் அந்த வெள்ளைக்காரன் மேல் கோபம் வந்தது. ஒரு செடிக்கு வைக்க அவனுக்கு வேறு பெயரே கிடைக்கவில்லையா?

இருந்தாலும் அவர் வீட்டம்மாவுக்கு இந்தப் பூவும் ஆகாமல் போகலாம், அதனால் வேரோடு பெயர்த்து என் வீட்டுக் கிழக்கு மூலைக்கு மாற்றிவிடுகிறேன் என்று பாயிடம் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வெள்ளிக்கெழம சட்டி வரும்ணே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

திரும்பினால் பின்வாசலில் மனைவி நிற்கிறாள். சேலைத் தலைப்பு வாயில். தோள் குலுங்குகிறது. அப்போதுதான் எனக்கு உறைத்தது, பொட்டலம் வந்த அன்றைக்கும் அது அழுகை இல்லை.

"உனக்குத் தெரியுமா?"

"மொத நாளே தெரியும். பாப்பா போன்ல சொல்லிருச்சு. அவரு அம்மா அவுக வயல்ல பறிச்ச வெதயாம். அப்பா தோட்டத்துல ஒண்ணும் பொழைக்க மாட்டேங்குதுன்னு பாப்பா பொலம்பியிருக்கு, இத அனுப்பலாம்னு அவருதேன் சொன்னாராம்."

"பின்ன ஏன்டி எங்கிட்ட சொல்லல? பதினஞ்சு மாசம்!"

"சொன்னா நீங்க தண்ணி ஊத்தியே கொன்னுருப்பீங்க" என்றாள். "கோவத்துல விட்டாத்தேன் பொழைக்கும்னு விட்டுட்டேன்."

நான் செத்த ரோஜாவின் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஒரு நாளைக்கு மூன்று போன். சாப்டியா, குடை எடுத்தியா, அவ அப்பா என்ன வேலை. என் பிள்ளை என்னிடமிருந்து ஓடிப்போகவில்லை, கொஞ்சம் காய்ந்த இடமாகப் பார்த்து நகர்ந்திருக்கிறாள். இதைப் புரிந்துகொள்ள எனக்கு மூன்று கிறிஸ்துமஸ் ஆகியிருக்கிறது. அழுகை வந்தது, அழுதேன். மனைவி சிரிப்பை நிறுத்திவிட்டுத் தன் போனை நீட்டினாள்.

என் போனிலிருந்து கூப்பிட எனக்குப் பயம். என் நம்பரைப் பார்த்துவிட்டுப் பாப்பா எடுக்காமல் விட்டால்? அதனால் மனைவியின் போனிலிருந்தே கூப்பிட்டேன். என்ன பேச வேண்டும் என்று மனசுக்குள் ஒழுங்கு செய்துவைத்திருந்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்கள். ஓர் ஆண் குரல்.

"அம்மா! சாப்டாச்சா? இன்னைக்கு என்னா வெஞ்சனம்?"

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் கறிவேப்பிலைக் குச்சியை ஆராய்ந்துகொண்டிருந்தாள். இமயமலைக்காரன் வெஞ்சனம் கேட்கிறான்! தொட்டுக்கொள்ள என்ன என்று எங்கள் ஊரில் எப்படிக் கேட்போமோ அப்படியே கேட்கிறான். எத்தனை நாளாக, எத்தனை போனில், இவள் அவனுக்கு இதையெல்லாம் சொல்லிக் கொடுத்திருக்கிறாள்? எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு சொல்கூட இல்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்த காலத்தில் அவன் என் வீட்டுத் தமிழ் முழுவதையும் படித்து முடித்திருக்கிறான்.

"அம்மா?" என்றான் மறுபடியும். பிறகு சந்தேகமாக, "யாரு?"

ஒழுங்கு செய்து வைத்திருந்தது ஒன்றும் வரவில்லை.

"யாரோ..." என்றேன். "யாரோ பூத்துருச்சு."

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த குழாயை மூடும் சத்தம் கேட்டது.

"வெள்ளையா. நெறையா பூத்திருக்கு."

"மாமா?" என்றான், ரொம்ப மெதுவாக.

"ஆமா மாப்ள."

ஏதோ பாத்திரம் கீழே விழுந்து உருண்டது. அவன் தன் மொழியில் எதையோ உரக்கச் சொன்னான். ஓடிவரும் காலடி கேட்டது. போன் கை மாறியது. பிறகு மூச்சு கேட்டது. சின்ன வயசில் பாப்பா காய்ச்சலில் படுத்திருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து எத்தனையோ தடவை எண்ணிய மூச்சு. நான் ஆரம்பித்தால் மூன்று வாளியாக ஊற்றிவிடுவேன் என்று பயந்து சும்மா இருந்தேன்.

கடைசியில் அவள்தான் கேட்டாள்.

"தண்ணி ஊத்தலையேப்பா?"

"இல்ல பாப்பா" என்றேன். "ஒரு சொட்டுகூட ஊத்தல."